மரத்தது விரல், நசுங்கியது முழங்கை
வாசகர் கேள்வி–பதில்: புலன்களும் நரம்புகளும்

இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. உணர்வு எங்கே தெரிகிறதோ அங்கேதான் கோளாறு என்று எண்ணிக்கொள்கிறோம். உடம்புக்குள் போகும் பாதை தெரிந்தால் அந்த எண்ணம் எவ்வளவு தூரம் தவறாகப் போகும் என்பது புரியும். முதல் கேள்வியே அதற்கு நல்ல சான்று.

கேள்வி: இரண்டு மாதமாகக் காலையில் எழுந்தால் வலது கையில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துக் கிடக்கின்றன. கையை உதறினால் சற்று நேரத்தில் சரியாகிவிடுகிறது. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு அட்டை தீர்ந்தும் குறையவில்லை. விரலுக்கு என்ன ஆயிற்று?

விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் முழங்கையைத்தான் பார்க்க வேண்டும்.

கைக்குள் வரும் பெரிய நரம்புகள் மூன்று: மீடியன், உல்நார், ரேடியல். சுண்டு விரல் முழுவதும், மோதிர விரலில் சுண்டு விரலை ஒட்டிய பாதியும் உல்நார் நரம்பின் எல்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் மறுபாதி ஆகியவற்றின் உள்ளங்கைப் பக்கம் மீடியன் நரம்புக்குச் சேரும். புறங்கையில் கட்டை விரல் பக்கம் ரேடியலுக்கு. ஆக, மோதிர விரலை இரண்டு நரம்புகள் நடுவில் கோடு கிழித்துப் பாகம் பிரித்துக்கொண்டிருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பஞ்சு நுனியால் அந்த விரலின் இரு பக்கத்தையும் மாற்றி மாற்றி யாரையாவது தொடச் சொல்லுங்கள். சுண்டு விரல் பக்கம் மங்கலாகவும் நடுவிரல் பக்கம் தெளிவாகவும் இருந்தால் உல்நார் நரம்பின் மேல் சந்தேகம் உறுதிப்படுகிறது. நேர்மாறாக, கட்டை விரல் பக்கத்து விரல்கள் மரத்து, நடு இரவில் எழுந்து உதறவேண்டி வந்தால் அது மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெரிபடும் நோய். அங்கே எலும்பும் ஒரு தடித்த நாரும் சேர்ந்த குறுகலான சுரங்கத்தில் 9 தசைநாண்களோடு அந்த ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது.

இனி உல்நார் எங்கே நசுங்குகிறது என்று பார்ப்போம். முழங்கையின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் உண்டு. அதில் விரலை வைத்து லேசாக உருட்டினால் கயிறுபோல ஒன்று நழுவும். அதுதான் உல்நார். மேலே தசை மூடவில்லை, கொழுப்பும் அதிகம் இல்லை. தோலுக்கு நேர் கீழே கிடக்கிறது. கதவில் இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரைக்கும் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்வது இதனால்தான். முழங்கையை மடக்க மடக்க நரம்பு இழுபடும், அது போகும் வழியும் குறுகும். கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்து ஆறு மணி நேரம் தூங்கினால் காலையில் விரல் மரத்துத்தான் இருக்கும்.

முழங்கையா, மணிக்கட்டா, கழுத்தா என்று பிரிக்க உடற்கூறு நமக்கு இரண்டு அடையாளங்களைத் தந்திருக்கிறது. புறங்கையில் சுண்டு விரல் பக்கத்துத் தோலுக்குப் போகும் கிளை, மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே பிரிந்துவிடும். ஆகவே அந்தப் புறங்கைத் தோலும் மரத்திருந்தால் பழுது மணிக்கட்டுக்கு மேலே, அதாவது பெரும்பாலும் முழங்கையில். உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரத்து, புறங்கை நன்றாக இருந்தால் மணிக்கட்டில். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டி, கைப்பிடியில் உள்ளங்கையை அழுத்துபவர்களுக்கு அப்படி வரும். இரண்டாவது அடையாளம், முன்கையின் உட்பக்கத் தோல். அது உல்நார் நரம்பின் எல்லையே அல்ல, வேறொரு நரம்புடையது. மரமரப்பு மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் உட்பக்கமாக மேலேறினால் கழுத்தில் நரம்பு வேர் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

பலம் குறைந்திருக்கிறதா என்பதற்கு ஒரு காகிதம் போதும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் இழுக்கட்டும். நல்ல கையில் கட்டை விரல் நேராக நின்று பிடிக்கும். உல்நார் பலவீனமான கையில் கட்டை விரலின் நுனிக் கணு மடங்கிக்கொள்ளும், தன் தசை உதவாததால் மீடியன் நரம்பின் தசையைக் கடன் வாங்குகிறது.

செய்யவேண்டியது எளிது; விடாமல் செய்வதுதான் கடினம். இரவில் ஒரு துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுங்கள், கை முழுக்க மடங்காது. இறுக்கிக் கட்டினால் அதுவே நரம்பை நசுக்கும். துண்டின் தடித்த பகுதி முழங்கையின் முன்பக்கம் இருக்கட்டும். பகலில் மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றாதீர்கள். போனைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுவதை நிறுத்துங்கள். ஆறு வாரம் பாருங்கள். மரமரப்பு பகலிலும் நிலைத்துவிட்டாலோ, பொத்தான் போடத் தடுமாறினாலோ, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புறங்கைச் சதை வற்றிக் குழி விழுந்தாலோ காத்திருக்கக் கூடாது. நரம்பின் மின்கடத்தல் சோதனை செய்து நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஒரு கணக்கு. அறுந்த நரம்பிழை மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து கைத்தசை வரை 30 சென்டிமீட்டர் என்றால் 300 நாள். நரம்பில்லாத தசையோ ஒன்றரை ஆண்டுக்குள் மீட்க முடியாதபடி வற்றிவிடும். தாமதித்த ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.

கேள்வி: 'நரம்பு ஊசி', 'நரம்பு சுருட்டல்', 'நரம்பு இழுத்துக்கொண்டது', 'நரம்புத் தளர்ச்சி' என்கிறோமே, இவை எல்லாம் ஒரே நரம்பைப் பற்றியவையா?

இல்லை. நான்கும் ஒன்றல்ல. யாழின் தந்தியும் நமக்கு நரம்பு, இலையில் ஓடும் கோடும் நரம்பு. நீளமாகக் கயிறுபோல் இருப்பதற்கெல்லாம் அந்தப் பெயரை வைத்துவிட்டோம். பேச்சுக்கு அழகுதான், மருத்துவரிடம் போய்ச் சொல்லும்போது இடறுகிறது.

புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவது சிரை, அதாவது இரத்தக்குழாய். 'நரம்பு ஊசி' போடுவது அதில். காலில் சுருண்டு முறுக்கிக்கொள்வதும் சிரைதான். அதன் உள்ளே இரத்தம் கீழிறங்காமல் தடுக்கும் வால்வுகள் பழுதாவதால் வருகிறது. இரவில் கெண்டைக்கால் 'நரம்பு இழுத்துக்கொள்வது' தசையின் இறுக்கம். அந்தக் காலை நீட்டி, பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கினால் விடும். மருத்துவர் நரம்பு என்று சொல்வது வெண்மையாகப் பளபளக்கும் நாண். தோலுக்கு வெளியே நிறமாகத் தெரியாது. உடம்பிலேயே தடித்தது பிட்டத்தின் வழியாகத் தொடைக்கு இறங்கும் சையாட்டிக் நரம்பு, ஏறத்தாழக் கட்டை விரல் அகலம். ஊசி உண்மையிலேயே அதில் பட்டால் கால் செயலிழக்கக்கூடும். பிட்டத்தை நான்காகப் பிரித்து மேல்–வெளிப்புறக் கால்பகுதியில் மட்டும் ஊசி போடச் சொல்வது இதனால்.

'நரம்புத் தளர்ச்சி' என்பது நோயின் பெயரே அல்ல. கை நடுக்கம், உடல் சோர்வு, மரமரப்பு, மனப் பதற்றம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவைக்கும் சொல். மூட்டையை அவிழ்த்தால்தான் வைத்தியம். வைட்டமின் பி12 குறைந்தால் நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறை கெடும் என்பது உண்மை. இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர்களும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவர்களும் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் பி6 விஷயத்தில் கவனம் தேவை. பெரியவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் போதும். நூற்றுக்கணக்கான மில்லிகிராம்களை மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே பாதத்தையும் விரலையும் மரக்கச் செய்யும். மரமரப்புக்கு மாத்திரை, மாத்திரையால் மரமரப்பு என்று சுற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலோ, அலமாரியின் மேல் தட்டைப் பார்க்க அண்ணாந்தாலோ அறையே சுழல்கிறது என்கிறார். அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று கழுத்துப் பட்டை போட்டிருக்கிறோம். பயனில்லை.

நீங்கள் எழுதியிருப்பதில் நோயின் படம் தெளிவாக இருக்கிறது. தலையின் நிலை மாறும்போது மட்டும் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது. கழுத்தைவிட உட்காதைத்தான் இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உட்காதில் கேட்பதற்கான நத்தைச் சுருளை ஒட்டியே சமநிலைக்கான உறுப்புகளும் உள்ளன. ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றின் அடியில் இரண்டு சிறு பைகள். தலை சுழல்வதைக் குழல்கள் அறியும்: உள்ளே இருக்கும் திரவம் பின்தங்கி, அடைப்புபோல் நிற்கும் மெல்லிய சவ்வைத் தள்ளும். தலை சாய்வதைப் பைகள் அறியும்: அங்கே பசைபோன்ற ஒரு படலத்தின் மேல் நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் எடைக்கற்களாக ஒட்டியிருக்கின்றன. வயதாலோ, தலையில் அடிபட்டதாலோ சில படிகங்கள் உதிர்ந்து பின்பக்கக் குழலுக்குள் போய்விடும். அது தாழ்வான இடம். தலையைச் சாய்த்ததும் படிகங்கள் உருண்டு திரவத்தை இழுக்கும். நீங்கள் அசையாமல் கிடந்தாலும் அந்தக் காது 'சுழல்கிறோம்' என்று மூளைக்குச் சேதி அனுப்பும், கண்கள் துடிக்கும், அறை சுற்றும். படிகங்கள் அடியில் படிந்ததும் நிற்கும்.

இடம் மாறிப்போன படிகத்தை மாத்திரை கரைக்காது. அதைத் திரும்ப உருட்டிக்கொண்டுபோய்ப் பையில் சேர்க்க வேண்டும். ஜான் எப்ளி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் வகுத்த முறை உலகெங்கும் கையாளப்படுகிறது. முதல் முறை மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ செய்வது நல்லது. எந்தக் காது, எந்தக் குழல் என்பதை அவர்கள் கண் துடிப்பைப் பார்த்து உறுதி செய்வார்கள். வலது காது என்று வைத்துக்கொண்டால் நடப்பது இது. கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்புவார்கள். அந்தத் திருப்பம் மாறாமல் மல்லாந்து படுக்க வேண்டும், தோளுக்குக் கீழே தலையணை வைத்துத் தலை சற்றே பின்னால் தொங்கட்டும். சுற்றல் வரும், பயப்பட வேண்டாம்; அது நின்ற பிறகும் 30 விநாடி. பிறகு தலையைத் தூக்காமல், தொங்கிய நிலையிலேயே இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி மீண்டும் 30 விநாடி. அடுத்து உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, மூக்கு தரையை நோக்கும்படி தலையை மேலும் 90 டிகிரி கொண்டுபோக வேண்டும். இன்னொரு 30 விநாடி. கடைசியாக முகவாயை நெஞ்சோடு ஒட்டியபடி இடப்பக்கமாகவே எழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் ஒரு தள்ளாட்டம் வரலாம், அப்போது யாராவது தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து பலிக்கவில்லை என்பவர்களிடம் இரண்டு தவறுகளைக் காணலாம். நடுவில் தலையைத் தூக்கிவிடுகிறார்கள், படிகம் வந்த வழியே திரும்பிவிடுகிறது. அல்லது பக்கம் மாறிப்போகிறது: இடது காதுக்கு எல்லாத் திசைகளும் தலைகீழ். ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலோருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகும். பின்னொரு நாள் திரும்ப வரலாம், திரும்பச் செய்யலாம். கழுத்தில் தீவிரத் தேய்மானமோ, கழுத்து இரத்தக்குழாய் நோயோ உள்ளவர்கள் தாமாகச் செய்யக் கூடாது.

சுற்றல் மணிக்கணக்கில் ஓயாமல் இருந்தாலோ, பேச்சு குழறினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாமல் சாய்ந்தாலோ அது சிறுமூளையில் ஏற்பட்ட பக்கவாதமாக இருக்கலாம். எப்ளி முறையெல்லாம் அப்போது வேண்டாம்; நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: சளி பிடித்தால் நாக்கு செத்துப்போகிறது. நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பள்ளியில் படம் வரைந்தோமே, சளி எல்லா இடத்தையும் எப்படி ஒரே நேரத்தில் கெடுக்கிறது?

நாக்கு சாகவில்லை. சளி பிடித்த நாளில் உப்பையும் சர்க்கரையையும் தனித்தனியே நாக்கில் வைத்துப் பாருங்கள், இரண்டும் தெளிவாகத் தெரியும். போனது வாசனை. மெல்லும்போது உணவின் ஆவி தொண்டையின் பின்பக்கமாக மேலேறி மூக்கின் கூரைக்குப் போகிறது. நாம் 'ருசி' என்பதில் பெரும்பங்கு அங்கே பிறக்கிறது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகை காப்பித்தூளை நாக்கில் போடுங்கள்: வெறும் கசப்பு. மூக்கை விட்ட நொடியில் அது காப்பியாகிவிடும்.

அந்த நாக்குப் படம் தவறு. 1901-இல் ஹெனிக் என்ற ஜெர்மானியர் நாக்கின் விளிம்பில் சுவை உணர்வு இடத்துக்கு இடம் சிறிது கூடிக் குறைவதை அளந்தார். அந்தச் சிறு வேறுபாட்டைப் பிற்காலத்தவர் எல்லைக்கோடாக வரைந்துவிட்டார்கள். சுவை மொட்டு இருக்கும் இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். மொட்டில் 50 முதல் 100 செல்கள் உண்டு, அவை சுமார் பத்து நாளில் புதுப்பிக்கப்படுகின்றன. சூடான பானத்தில் நாக்கு வெந்தாலும் ஓரிரு வாரத்தில் தேறுவது இதனால்.

அறுசுவை என்று நாம் எண்ணும் ஆறில் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு நான்கும் சுவை மொட்டுக்கு உரியவை. சுவை மொட்டுக்கு ஐந்தாவதாக, அறுசுவையில் இல்லாத ஒன்றும் உண்டு: 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் இகேடா கண்டறிந்த உமாமி, இறைச்சிச் சாறு போன்ற சுவை. கார்ப்பும் துவர்ப்பும் வேறு வழியில் வருகின்றன. மிளகாயின் கேப்சைசின், 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை அறியும் வலி வாயிலைத் திறந்துவிடுகிறது. மூளைக்கு அது 'வெந்துவிட்டது' என்ற சேதி. அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, பால்தான் உதவும். துவர்ப்போ எச்சிலின் புரதத்தோடு உணவிலுள்ள டானின் என்ற பொருள் ஒட்டிக்கொண்டு வாயை வறட்டும் தொடு உணர்வு. இதனால் நம் முன்னோர் எண்ணியது தவறாகிவிடாது. வாய் உணர்வதை எண்ணினார்கள், நரம்பை எண்ணவில்லை.

மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விடாதீர்கள், மருந்தே அடைப்பை உண்டாக்கும். சளி போய் மூன்று வாரமாகியும் வாசனை திரும்பவில்லை என்றால் முகர்வுப் பயிற்சி இருக்கிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கின் மணத்தைத் தனித்தனிக் குப்பியில் வைத்து, ஒவ்வொன்றையும் சுமார் 20 விநாடி, காலையிலும் இரவிலும், குறைந்தது 12 வாரம். இழுத்து மூச்சு வாங்க வேண்டாம். மெதுவாக, அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவந்தபடி முகருங்கள். முகர்வு நரம்பணுக்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைப்பவை என்பதால் இது வீண் முயற்சி அல்ல. அதுவரை எரிவாயுக் கசிவையும் கெட்டுப்போன உணவையும் வேறொருவர் மூக்கை நம்பிப் பாருங்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி): கண்ணில் குருட்டுப் புள்ளி இருக்கிறது என்று பாடத்தில் வருகிறது. ஆனால் எனக்கு எங்கேயும் ஓட்டை தெரியவில்லையே?

தெரிய வைக்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு வலப்பக்கம் சரியாக 8 சென்டிமீட்டர் தள்ளி, 1 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வட்டம். இடது கண்ணைக் கையால் மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை அரை மீட்டர் தூரத்திலிருந்து மெல்ல நெருக்கிக் கொண்டுவாருங்கள். சுமார் 30 சென்டிமீட்டர் வரும்போது வட்டம் காணாமல் போகும். இன்னும் நெருக்கினால் திரும்ப வரும். போகவில்லை என்றால் கண் உங்களை ஏமாற்றி வட்டத்தைப் பார்த்திருக்கும், அல்லது தாள் சாய்ந்திருக்கும்.

நம் விழித்திரையில் ஒளியை உணரும் குச்சி செல்களும் கூம்பு செல்களும் பின்னால் இருக்கின்றன, சேதி கொண்டுபோகும் இழைகள் முன்னால் ஓடுகின்றன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த இழைகள் மூளைக்குப் போக வேண்டுமானால் விழித்திரையைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த வாசலில் ஒளியை உணரும் செல் ஒன்றுகூட இல்லை. ஆக்டோபஸின் கண்ணில் இழைகள் பின்பக்கம் இருப்பதால் அதற்குக் குருட்டுப் புள்ளி கிடையாது.

இப்போது அந்த வட்டத்தின் குறுக்கே ஒரு நீளக் கோடு போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். வட்டம் மறையும், கோடு மட்டும் அறுபடாமல் ஓடும்! இல்லாத இடத்தை மூளை சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான். வீட்டில் பெரியவர்களுக்கும் இதைச் செய்து காட்டுங்கள். கண் அழுத்த நோயில் பார்வைப் பரப்பு ஓரத்திலிருந்து கரையும்போதும் மூளை இப்படித்தான் ஒட்டுப்போட்டு மறைத்துவிடும், நோயாளிக்கு வெகுநாள் தெரியாது. 40 வயதுக்கு மேல் கண்ணாடிக்காக மட்டும் இல்லாமல் கண் நரம்பையும் சோதிக்கச் சொல்வது அதனால்.

கேள்வி (நர்சிங் மாணவர்): கழுத்தில் முள்ளெலும்பு 7, நரம்பு 8. விடைத்தாளில் எப்போதும் குழம்புகிறது.

முதல் கழுத்து நரம்பு முதல் எலும்புக்கு மேலே, மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவே வெளியேறுகிறது. அப்படியே ஏழு வரை ஒவ்வொன்றும் தன் எலும்புக்கு மேலே. ஏழாம் எலும்புக்குக் கீழே வருவது எட்டாம் நரம்பு. அதற்குப் பின் எல்லா நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்குக் கீழே. கழுத்து 8, மார்பு 12, இடுப்பு 5, திரிகம் (இடுப்புக்குக் கீழுள்ள எலும்பு) 5, வால் எலும்பு 1, ஆக 31 இணை. தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு எலும்பு அளவிலேயே முடிந்துவிடும். முதுகில் நீர் எடுக்கும் ஊசியை 3–4 அல்லது 4–5 இடுப்பு எலும்புகளுக்கு நடுவே போடுவது அதை நினைவில் வைத்துத்தான்.

கேள்வி: கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுருக்', ஒரு நொடி கழித்து 'விண் விண்' என்று வலிக்கிறது. ஒரு அடிக்கு ஏன் இரண்டு வலி? தேய்த்துவிட்டால் குறைவது உண்மையா, மனப்பிரமையா?

வலிக்கு இரண்டு கம்பிகள் உள்ளன. மெல்லிய மையலின் உறை போர்த்த இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் சேதி கொண்டுபோகும், 'சுருக்' அதன் வேலை. உறையே இல்லாத இழைகளுக்கு நொடிக்கு ஒரு மீட்டர்தான், கூடினால் இரண்டு. கால் விரலிலிருந்து தண்டுவடம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் என்பதால் இரண்டாம் வலி ஒரு நொடி தாமதமாக வந்து சேர்கிறது. மூக்கை இடித்துக்கொண்டால் இந்த இடைவெளி தெரியாது, பாதை குட்டை. நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று நம்பப்பட்ட காலத்தில், 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் தவளையின் நரம்பில் அதை அளந்து காட்டினார்.

தேய்ப்பது உண்மையாகவே உதவும். தொடு உணர்வின் தடித்த இழைகள் வலி இழைகளைவிட வேகமானவை. அவை தண்டுவடத்துக்குள் நுழையுமிடத்தில் இடையிலுள்ள நரம்பணுக்களைத் தூண்டி, வலிச் சேதி மேலே போகும் கதவைப் பாதி சாத்துகின்றன. மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் சொன்ன இந்தக் கருத்து விவரங்களில் திருத்தம் கண்டிருக்கிறது, அடிப்படை நிற்கிறது. எலும்பு முறிந்த ஐயம் இருந்தால் மட்டும் தேய்க்கக் கூடாது.

கேள்வி: ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால் அழுக்கா, நரம்பா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஓரளவு உண்டு. வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். முனகிக்கொண்டே நல்ல காது ஒன்றை விரலால் அடையுங்கள். ஒலி, விரலால் அடைத்த அந்தக் காதுப் பக்கம் தாவுவதைக் கேட்பீர்கள். எலும்பின் வழியே நேரடியாக உட்காதுக்கு வரும் ஒலி, வெளிக்காது அடைபட்டால் தப்பிப்போக வழியில்லாமல் உள்ளே பெருகுகிறது.

இப்போது இதையே சோதனையாக்குங்கள். விரலை எடுத்துவிட்டு முனகும்போது ஒலி, தானாக அடைத்துக்கொண்ட காதில் ஓங்கிக் கேட்டால் வழியில்தான் தடை: அழுக்கு, செவிப்பறைக்குப் பின்னால் நீர், சளியால் அடைபட்ட நடுக்காதுக் குழல். நல்ல காதில் ஓங்கிக் கேட்டால் அடைத்த காதின் நத்தைச் சுருளோ நரம்போ கேட்கவில்லை என்று பொருள். அந்தச் சுருளுக்குள் ஒலியை மூளைக்குச் சேதியாக்கும் உள்வரிசை மயிர்ச்செல்கள் காதொன்றுக்குச் சுமார் 3,500 மட்டுமே, போனால் முளைக்காது. சோதனை பிசகலாம் என்பதால் ஐயமிருந்தால் மோசமானதையே எண்ணிக்கொள்ளுங்கள்.

அழுக்கு என்றால் பட்ஸ் விடாதீர்கள், அது அழுக்கைச் செவிப்பறை வரை இடித்துத் தள்ளும். இரண்டாவது வகை என்றால் அது அவசரம். ஒரே நாளில், அல்லது மூன்று நாளுக்குள் கேட்கும் திறன் சரியும் இந்த நிலைக்கு ஸ்டீராய்டு மருந்து தரப்படுகிறது, முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் முதல் சில நாளில் தொடங்குவதே நல்லது. 'தண்ணீர் போயிருக்கும், தானாகத் திறக்கும்' என்று எண்ணெய் விட்டுக் காத்திருந்தே பலர் அந்த நாள்களை இழக்கிறார்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். எந்த நாள், எந்த நேரத்தில் தொடங்கியது, கூடவே இரைச்சலோ சுற்றலோ இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.